லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டுவது: வைன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது என்பதால், அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாமல் லினக்ஸைப் போட்டுக்கொண்டவர்கள் பலர். உலாவி, மின்னஞ்சல், கடிதம் தட்டுவது எல்லாம் சில நாட்களில் பழகிவிடுகின்றன. கடைசியில் ஒரே ஒரு விண்டோஸ் நிரல் மட்டும் காலைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது: கடையில் பில் போடுவதோ, கணக்கு எழுதுவதோ, பத்து வருடத்துப் பழைய அச்சுக் கோப்புகளைத் திறப்பதோ. விண்டோஸ் நிரல்களை லினக்ஸிலேயே ஓட்ட உதவும் மென்பொருள்தான் வைன். அந்த ஒரு நிரலால் தவிப்பவர்கள் அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை.

கணினி அதே கணினிதானே, பிறகு ஏன் விண்டோஸ் நிரலின் இஎக்ஸ்இ கோப்பு லினக்ஸில் ஓட மறுக்கிறது?

நியாயமான கேள்விதான். கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் போன்ற ஆணைகளைப் பொறுத்தவரை, விண்டோஸ் நிரலும் லினக்ஸ் நிரலும் ஒரே இன்டெல் அல்லது ஏஎம்டி செயலியிடம் ஒரே மொழியில்தான் பேசுகின்றன. தடை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, கோப்பின் வடிவம். இஎக்ஸ்இ கோப்பு எதுவானாலும் அதன் முதல் இரண்டு பைட்டுகள் 'எம்', 'இசட்' என்ற எழுத்துகளாக இருக்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் அந்த வடிவத்தை வகுத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள் அவை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தேடுவதோ 'ஈ', 'எல்', 'எஃப்' என்ற வேறொரு முத்திரையை. இது சிறிய தடை. கோப்பைப் படித்து நினைவகத்தில் சரியாக அடுக்க ஒரு நிரல் இருந்தால் தீர்ந்துவிடும்.

பெரிய தடை இரண்டாவது. எந்த நிரலாலும் தானாகவே ஒரு கோப்பைத் திறக்கவோ, சாளரம் வரையவோ, இணையத்தில் பேசவோ முடியாது. ஒவ்வொன்றுக்கும் இயங்குதளத்திடம் கேட்டாக வேண்டும். விண்டோஸ் நிரல் அந்த வேண்டுகோள்களை விண்டோஸின் டிஎல்எல் கோப்புகளில், அதாவது எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல் தொகுப்புகளில், உள்ள பெயர்களைச் சொல்லிக் கேட்கிறது. லினக்ஸில் அந்தப் பெயர்களே கிடையாது. தாலுகா ஆபீசில் கொடுக்க வேண்டிய மனுவைத் தபால் ஆபீஸ் ஜன்னலில் நீட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும் ஆகிறது.

வைன் என்பது எமுலேட்டரா?

இல்லை. 'வைன் எமுலேட்டர் அல்ல' என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளே அதன் பெயர் என்று சொல்வார்கள். எமுலேட்டர் என்பது ஒரு முழு இயந்திரத்தைப்போல் நடிப்பது. செயலியின் ஆணைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பெயர்த்துத் தருவது. வைன் அப்படிச் செய்வதில்லை. நிரலின் ஆணைகள் செயலியில் நேராகவே ஓடுகின்றன. நிரல் விண்டோஸைக் கூப்பிடும் இடத்தில் மட்டும் வைன் குறுக்கே நின்று, அந்த வேண்டுகோளை லினக்ஸுக்குப் புரியும் வேண்டுகோளாக மாற்றிக் கொடுத்து, வந்த பதிலை விண்டோஸ் சொல்லும் விதத்திலேயே திருப்பித் தருகிறது.

இந்தத் திட்டத்தை 1993-இல் தொடங்கியவர் பாப் ஆம்ஸ்டட். விண்டோஸ் 3.1-இன் 16 பிட் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவதே அப்போதைய நோக்கம். 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் அதை வழிநடத்தி வருகிறார். பதிப்பு 1.0 வெளிவந்தது 2008 ஜூன் 17 அன்று, அதாவது தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. ஆமை வேகம் என்று சிரிப்பவர்கள், ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்றை, அதன் மூல நிரலைப் பார்க்காமல், வெளியிலிருந்து கவனித்தே திரும்ப எழுதுவது எத்தகைய வேலை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். இப்போது ஆண்டுதோறும் ஜனவரி வாக்கில் ஒரு நிலையான பதிப்பும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதனைப் பதிப்பும் வருகின்றன.

ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

ஒரு பில் நிரல் சி டிரைவில் 'டேட்டா' ஃபோல்டரில் உள்ள ஒரு கோப்பைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோரிக்கை வைன் எழுதிவைத்துள்ள கெர்னல்32 என்ற டிஎல்எல்லுக்கு வந்து, அங்கிருந்து என்டிடிஎல்எல் என்ற அடுத்த அடுக்குக்கு இறங்குகிறது. சி டிரைவ் என்று ஒன்று லினக்ஸில் இல்லாததால், அந்தப் பாதை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் ஓர் உண்மையான அடைவாக மாற்றப்படுகிறது. பின்னணியில் ஓடும் வைன்சர்வர் என்ற தனி நிரல் லினக்ஸிடம் சொல்லிக் கோப்பைத் திறந்து, அதற்கு விண்டோஸ் பாணியில் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. பில் நிரலுக்கு அந்த எண் போதும். அதற்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை வேறு வேறு. நிரல் பெரிய எழுத்தில் கேட்கும் கோப்பு வட்டில் சிறிய எழுத்தில் இருந்தால், வைன் அந்த ஃபோல்டரையே முழுவதும் புரட்டிப் பார்த்துப் பொருந்துவதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒரே ஃபோல்டரில் குவிந்திருந்தால் இதனாலேயே நிரல் மந்தமாகலாம். ஆண்டுவாரியாகப் பிரித்து வைப்பது நல்லது, நிரல் அதற்கு இடம்கொடுத்தால்.

விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் மென்பொருளால் ஆன இன்னொரு கணினியில், விண்டோஸையே போட்டுக்கொள்ளலாமே?

போடலாம். சில வேலைகளுக்கு அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் அதற்கு விண்டோஸ் உரிமம் தனியாக வேண்டும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகத்தையும் 64 ஜிபி வட்டிடத்தையும் ஒதுக்க வேண்டும். புதுப்பித்தல், வைரஸ் தடுப்பு என்று இரண்டாவது கணினி ஒன்றைப் பராமரிக்கும் பாடு கூடவே வரும். மொத்தமே 4 ஜிபி உள்ள பழைய கணினியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நிரல் சிறியதாக இருந்தால் வைனை முதலில் முயன்று பார்த்துவிட்டு, முடியாதபோது மட்டும் விர்ச்சுவல் மெஷினுக்குப் போவதே நான் பரிந்துரைக்கும் வரிசை.

எந்த நிரல்கள் ஓடும், எவை ஓடா?

பெயரைச் சொல்லி 'இது ஓடுமா?' என்று கேட்பதைவிட, 'இந்த நிரல் விண்டோஸிடம் எதையெல்லாம் கேட்கிறது?' என்று கேட்டால் விடை பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும். கோப்பு, சாளரம், எழுத்துரு, அச்சு, இணையம் என்ற அளவில் நின்றுவிடும் நிரல்கள் பெரும்பாலும் ஓடும். 2000-களில் எழுதப்பட்ட பில் நிரல்கள், அகராதிகள், ஜோதிட நிரல்கள், சிறிய பொறியியல் கணக்கீட்டு நிரல்கள் இந்த வகையில் அடங்கும்.

விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே தன் டிரைவரை நுழைக்க விரும்பும் நிரல்கள் பெரும்பாலும் ஓடா. வைனுக்குக் கீழே இருப்பது லினக்ஸ் கெர்னல். விண்டோஸ் வன்பொருள் டிரைவருக்கு அங்கே வேலையில்லை. யூஎஸ்பி பூட்டைச் செருகினால்தான் திறக்கும் நிரல்கள், தனி டிரைவர் கேட்கும் ஸ்கேனர்கள், ஏமாற்றுவோரைப் பிடிக்கக் கெர்னலுக்குள் உட்காரும் சில இணைய விளையாட்டுகள் ஆகியவை இங்கேதான் தடுக்கி விழுகின்றன. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், அடோபி நிரல்கள் ஆகியவற்றின் புதிய பதிப்புகள் வேறு காரணத்தால் தொல்லை தரும்: உரிமச் சரிபார்ப்பும் நிறுவும் முறையும் விண்டோஸின் பல மூலைகளைத் தொடுகின்றன. அவற்றுக்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது வீண் என்பது என் கருத்து.

இரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறப் பகுதியும் உண்டு. ஒரு கடையின் பில் நிரலை நான் வைனில் ஏற்றியபோது எல்லாம் சரியாக ஓடியது, டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் மட்டும் அசையவில்லை. அந்த நிரல் விண்டோஸின் அச்சு வசதியைத் தொடாமல், டாஸ் பழக்கத்தில் எல்பிடி1 என்ற போர்ட்டுக்கே நேராக எழுதிக்கொண்டிருந்தது. வைனின் ரெஜிஸ்ட்ரியில், அதாவது அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பட்டியலில், 'போர்ட்ஸ்' என்ற பகுதியில் எல்பிடி1 என்றால் லினக்ஸின் இன்ன சாதனக் கோப்பு என்று எழுதிவைக்க வழி இருக்கிறது. எழுதியும் அச்சு வரவில்லை. மூன்று மணி நேரம் வைனைக் குறை சொன்ன பிறகுதான், கடைக்காரரின் பயனர் கணக்கு பிரின்டருக்கான 'எல்பி' குழுவில் சேர்க்கப்படவே இல்லை என்பது கண்ணில் பட்டது. சேர்த்து, வெளியேறி, மீண்டும் உள்ளே வந்ததும் பிரின்டர் கரகரவென்று பழைய பில்கள் அத்தனையையும் துப்பியது.

வைன் திட்டத்தின் செயலிப் பட்டியலில் பயனர்கள் சோதித்துப் பார்த்த நிரல்களுக்கு பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், குப்பை என்று ஐந்து தரங்கள் இட்டிருப்பார்கள். தரத்தைப் பார்ப்பதற்கு முன், அந்தச் சோதனை எந்த ஆண்டில், எந்த வைன் பதிப்பில் நடந்தது என்று பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய 'குப்பை' இன்று நன்றாக ஓடக்கூடும், தலைகீழாகவும் நடப்பதுண்டு.

நிறுவிய நிரல் எங்கே போய் உட்காருகிறது?

உங்கள் ஹோம் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் 'வைன்' என்ற பெயரில் ஒரு மறைவான அடைவு உருவாகும். இதைப் 'பிரிஃபிக்ஸ்' என்பார்கள். அதற்குள் சி டிரைவாக நடிக்கும் ஓர் அடைவும், ரெஜிஸ்ட்ரியைச் சாதாரண உரையாகச் சேமித்து வைத்திருக்கும் சில கோப்புகளும் இருக்கும். அவ்வளவுதான் உங்கள் 'விண்டோஸ்'. அந்த அடைவை நகலெடுத்தால் முழு நிறுவலும் காப்புப் பிரதியாகிவிடுகிறது. அழித்தால் அடுத்த முறை புதிதாக ஒன்று உருவாகும். விண்டோஸை மறுபடி போட அரை நாள் செலவிட்டவர்களுக்கு இது ஒரு சுகம்.

முக்கியமான நிரல் ஒவ்வொன்றுக்கும் தனி பிரிஃபிக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரலுக்காக மாற்றிய அமைப்பு இன்னொன்றைக் கெடுக்காமல் இருக்க அதுவே வழி. பாட்டில்ஸ், லூட்ரிஸ் போன்ற வரைகலை நிரல்கள் இந்த நிர்வாகத்தை எளிதாக்குகின்றன.

முதல் முறை ஓடும்போது மோனோ, கெக்கோ என்று எதையோ நிறுவச் சொல்கிறதே?

அனுமதியுங்கள். பல விண்டோஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் டாட்நெட் கட்டமைப்புக்கு மாற்றாக இருப்பது மோனோ. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் வலைப்பக்கம் காட்டும் பகுதிக்கு மாற்று கெக்கோ. மோனோ திட்டத்தின் பொறுப்பை மைக்ரோசாஃப்டே 2024 ஆகஸ்டில் வைன் அமைப்பிடம் ஒப்படைத்தது என்பது கொஞ்சம் வேடிக்கையான செய்தி. மோனோவில் ஓடாத நிரலுக்கு, வைன்ட்ரிக்ஸ் என்ற துணைக்கருவி மூலம் உண்மையான டாட்நெட்டையோ விஷுவல் சி++ கோப்புகளையோ இறக்கிக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

முதலில் நோய் எது என்று பிரித்தறிய வேண்டும். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். எழுத்து தெரிந்தும், 'கொ' என்பதில் கொம்பு முன்னால் வராமல் இடம் மாறியோ, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடோ தெரிந்தால், எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோத்துத் தரும் வேலைதான் நடக்கவில்லை. 'கொ' கணினியில் முதலில் 'க', அடுத்து ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது திரையில் வரையும் நேரத்தில் நடக்கிறது. விண்டோஸில் இந்த வேலையைச் செய்வது யூனிஸ்கிரைப். வைன் அதைத் தானே திரும்ப எழுதி வைத்திருக்கிறது.

கட்டத்துக்கு மருந்து எளிது. விண்டோஸ் 2000-இலிருந்து வந்த லதா, விண்டோஸ் 7-இல் வந்த விஜயா, விண்டோஸ் 8-இல் வந்த நிர்மலா யூஐ ஆகியவை மைக்ரோசாஃப்டின் உரிமத்துக்கு உட்பட்டவை, வைனோடு வருவதில்லை. லோஹித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை லினக்ஸில் நிறுவினால் வைன் அதை எடுத்துக்கொள்ளும். நிரல் லதாதான் வேண்டும் என்று அடம் பிடித்தால், வைனின் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, நடப்புப் பயனருக்கான பகுதியில் சாஃப்ட்வேர், வைன், ஃபான்ட்ஸ், ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக உள்ளே போங்கள், இல்லாததை உருவாக்கிக்கொள்ளுங்கள். அங்கே லதா என்ற பெயரில் ஒரு சர மதிப்பை ஏற்படுத்தி, அதன் மதிப்பாக லோஹித் தமிழ் என்று இடுங்கள். பெயர்களை எழுத்துருவில் உள்ளபடியே ஆங்கிலத்தில் தர வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள், வியப்பாக, இவற்றைவிடத் தொல்லை குறைவானவை. விண்டோஸில் தமிழுக்கென்று எட்டு பிட் ஆன்சி குறிமுறைப் பக்கம் (எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்) ஒருபோதும் இருந்ததில்லை; ஆகவே அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தன. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் அடித்தால் பாமினியில் 'தமிழ்' என்று தெரியும். கோத்துத் தரும் வேலையே இங்கு இல்லை. எழுத்துருக் கோப்பைப் பிரிஃபிக்ஸின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் போதும். ஈழத்திலும் தமிழகத்திலும் இன்னும் எத்தனையோ அச்சகங்களில் பாமினிக் கோப்புகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன.

விண்டோஸில் பழகிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைனில் ஓட்டலாமா?

ஓடினாலும் பயனில்லை. அத்தகைய மென்பொருள் விசைகளை வழிமறித்து மாற்றுவது. வைனுக்குள் ஓடும் சாளரங்களின் விசைகள் மட்டுமே அதன் கண்ணுக்குத் தெரியும், லினக்ஸ் உலாவியில் நீங்கள் தட்டுவது தெரியாது. லினக்ஸின் ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சுப்பொறி முறை ஆகிய எல்லாம் கிடைக்கின்றன. அங்கே அடிப்பது வைன் சாளரத்துக்குள்ளும் போய்ச் சேரும். பாமினி ஆவணத்தில் திருத்தும்போது மட்டும் ஐபஸை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கே தமிழாக்குவது எழுத்துருதான். கோப்புப் பெயர்களில் உள்ள தமிழ் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், கணினியின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

விளையாட்டுகள்?

வைனின் வளர்ச்சி வேகம் பிடித்ததே இவற்றால்தான். வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் ஸ்டீம் என்ற தன் விளையாட்டு விற்பனைத் தளத்துக்குள் புரோட்டான் என்ற பெயரில் வைனை இணைத்தது. 2022 பிப்ரவரியில் வெளிவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி அதன் மேல்தான் நிற்கிறது. விண்டோஸின் டைரக்ட்3டி வரைகலை ஆணைகளை லினக்ஸிலும் ஓடும் வல்கன் ஆணைகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே வந்தபின் பல விளையாட்டுகளில் வேக இழப்பு சொற்பமே. பல இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் வேலையை விண்டோஸ் முறையிலேயே செய்துதரும் என்டிசிங்க் என்ற டிரைவர், 2025-இல் வந்த 6.14 பதிப்போடு லினக்ஸ் கெர்னலிலேயே இடம்பெற்றுவிட்டது.

விண்டோஸ் வைரஸ் வைனில் பரவுமா?

பரவலாம். வைன் ஒரு பாதுகாப்பு வேலி அல்ல. இயல்பான அமைப்பில் இசட் டிரைவ் என்பது உங்கள் லினக்ஸின் முழுக் கோப்பு முறைமை. நீங்கள் எழுதக்கூடிய எதையும் வைனுக்குள் ஓடும் நிரலும் எழுதலாம், குலைக்கலாம். ஐயத்துக்குரிய நிரலுக்கு இசட் டிரைவை எடுத்துவிட்ட தனி பிரிஃபிக்ஸ் போதாது. தனிப் பயனர் கணக்கோ விர்ச்சுவல் மெஷினோ தேவை. நிர்வாகியாக, அதாவது ரூட் கணக்கில், வைனை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

இது சட்டப்படி சரியா?

வைனில் மைக்ரோசாஃப்டின் நிரல் வரிகள் இல்லை. மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்த்தவர்களின் பங்களிப்பை அந்தத் திட்டம் ஏற்பதும் இல்லை. 2002 முதல் எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது. நீங்கள் வைனில் ஓட்டும் நிரலின் உரிமம் வேறு விஷயம். காசு கொடுத்து வாங்க வேண்டிய நிரலை வைனில் ஓட்டினாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

எதிர்த்திசையில், விண்டோஸில் லினக்ஸ் நிரல்கள்?

மைக்ரோசாஃப்ட் 2016-இல் அறிமுகப்படுத்திய, லினக்ஸ் நிரல்களை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் என்ற வசதி முதலில் வைனைப் போலவே மொழிபெயர்ப்பு வழியில் நடந்தது: லினக்ஸின் வேண்டுகோள்களை விண்டோஸ் கெர்னல் வாங்கிப் பதில் சொன்னது. 2019-இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் அந்த வழியை விட்டு, ஓர் உண்மையான லினக்ஸ் கெர்னலையே மெல்லிய விர்ச்சுவல் மெஷினில் வைத்துவிட்டார்கள். லினக்ஸ் கெர்னல் இலவசம் என்பதால் அவர்களால் அதைச் செய்ய முடிந்தது; விண்டோஸ் கெர்னலை எடுத்து வைக்கும் வசதி வைனுக்கு இல்லை.

ராஸ்பெரி பை போன்ற ஏஆர்எம் கணினியில் ஓடுமா?

வைன் மட்டும் போதாது. இன்டெல் செயலிக்கான ஆணைகளை ஏஆர்எம் ஆணைகளாகப் பெயர்க்க பாக்ஸ்64 அல்லது எஃப்இஎக்ஸ் கூட வேண்டும். அங்கே வேகம் குறைவதை உணர்வீர்கள்.

நிரல் திறக்காமல் மூடிக்கொண்டால் எங்கிருந்து தொடங்குவது?

டெர்மினலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். 'ஃபிக்ஸ்மீ' என்ற சொல் உள்ள வரிகள் நூற்றுக்கணக்கில் கொட்டினால் பயப்பட வேண்டாம். இன்னும் முழுமையாக எழுதப்படாத ஒரு பகுதியை நிரல் தொட்டது என்று வைன் உருவாக்குவோருக்குச் சொல்லும் குறிப்புகள் அவை. நன்றாக ஓடும் நிரலிலும் அவை வரும். 'எர்' என்ற சொல் உள்ள வரிகளைத் தேடுங்கள். அவற்றில் ஒரு டிஎல்எல் பெயரைச் சொல்லி அது கிடைக்கவில்லை என்று இருந்தால், பாதி வேலை முடிந்தது. வைன்ட்ரிக்ஸில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பிறகு, இதுவரை செய்த மாற்றங்கள் எதுவும் இல்லாத புதிய பிரிஃபிக்ஸ் ஒன்றில் அதே நிரலை நிறுவிப் பாருங்கள். புதியதில் ஓடினால் கோளாறு பழைய பிரிஃபிக்ஸில். புதியதிலும் ஓடாவிட்டால், உதவி கேட்கும்போது வைன் பதிப்பு, லினக்ஸ் பதிப்பு, நிரலின் பதிப்பு, அந்த 'எர்' வரிகள் ஆகிய நான்கையும் சேர்த்து எழுதுங்கள்.